ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?

நெட் கட்டாகிற எந்த வீட்டிலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். கோல் சென்டரில் இருக்கிற பிள்ளை கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணா கேட்பார். கொம்பியூட்டர் கடைக்காரர் கேட்பார். "ரவுட்டரை ஓஃப் பண்ணி, ஒரு நிமிசம் விட்டு, ஓன் பண்ணுங்கோ." செய்வோம். வேலை செய்யும். அடுத்த நாள் பின்னேரம் அதே நேரத்துக்குத் திரும்பவும் போகும். திரும்பவும் ஓஃப், திரும்பவும் ஓன். இப்படியே மாசக் கணக்கில் காசு கட்டிக்கொண்டு இருக்கிற வீடுகள் எனக்குத் தெரிந்து நிறைய இருக்கு.

இந்தக் கேள்வியை நான் வெறுக்கிறேன். கேட்கிற ஆக்களை இல்லை, கேள்வியை.

ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் எல்லா வருத்தத்துக்கும் பனடோல் குடுக்கிறதைப் பற்றி எவ்வளவு பகிடி பண்ணுகிறோம். ரீஸ்டார்ட்டும் பனடோல்தான். காய்ச்சல் குறையும், ஆனால் அது டெங்குவா, மூத்திரக் கிருமியா, வெறும் தடிமனா எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஏன் அப்படி எண்டு கொஞ்சம் விளக்கவேண்டும். ரவுட்டர் ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதை நிறுத்திப் போடும்போது ஐந்தாறு விசயம் ஒன்றாக நடக்கின்றன. அதன் தற்காலிக நினைவகம் துடைபடுகிறது. வைஃபை தனக்கு ஒரு சனலைப் புதிதாகத் தெரிவுசெய்கிறது. செப்புக் கம்பி லைன் எண்டால் எக்சேஞ்சுடன் திரும்பப் பேசி, எவ்வளவு வேகம் தாங்கும் எண்டு புதிதாக ஒத்துக்கொள்கிறது. கொம்பனியின் சேவருக்குப் பெயரும் பாஸ்வேர்ட்டும் திரும்பக் குடுத்து உள்ளே போகிறது. சூடேறியிருந்த பெட்டி கொஞ்சம் ஆறுகிறது. பிறகு நெட் வருகிறது. இந்த ஐந்தில் எது சுகப்படுத்தியது? தெரியாது. அதுதான் பிரச்சினையே.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் ஒருத்தரும் சொல்வதில்லை. ரவுட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதிவைக்கும்: இத்தனை மணிக்கு லைன் போனது, இத்தனை மணிக்கு வந்தது, இன்ன காரணம். பல வீட்டு ரவுட்டர்களில் அந்தக் குறிப்பு இருப்பது தற்காலிக நினைவகத்தில்தான். கரண்டைப் பிடுங்கினால் அதுவும் போச்சு. களவு போன வீட்டைப் பொலிஸ் வர முதல் வடிவாகக் கழுவித் துடைத்துவிடுகிற வேலைதான் நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருப்பது. அதைச் செய்யச் சொல்லுவதும் விசாரிக்க வேண்டிய தரப்பே.

நான் சொல்ல வருவது மிகச் சின்ன விசயம். அறுந்த கனெக்‌ஷனுக்கு ஒரு இடம் உண்டு. லப்டொப்பிலிருந்து வைஃபை, வைஃபையிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து சுவரில் இருக்கிற சொக்கட், அங்கிருந்து வீட்டு வயர், தெருப் போஸ்ட், கபினெட், எக்சேஞ்ச், கொம்பனியின் வலையமைப்பு, அதைத் தாண்டி வெளியுலகம். இந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒரு கண்ணி விடுகிறது. எந்தக் கண்ணி எண்டு கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கடவுளின் கோபமோ, "சிஸ்டம் அப்படித்தான்" எண்ட பெருமூச்சோ தேவையில்லை. ஒரு லப்டொப், ஒரு கொப்பி, ஒரு மணிக்கூடு போதும்.

விண்டோஸில் தேடுகிற இடத்தில் சீ எம் டீ எண்ட மூன்று ஆங்கில எழுத்தை அடித்தால் ஒரு கறுப்பு யன்னல் வரும். அதில் ஐபிகொன்பிக் எண்டு ஆங்கிலத்தில் அடித்தால் டீஃபோல்ட் கேட்வே எண்டு ஒரு இலக்கம் காட்டும். அது உங்கட ரவுட்டரின் இலக்கம். கனபேருக்கு 192.168.1.1 ஆக இருக்கும், சில 4ஜி பெட்டிகளில் 192.168.8.1. இப்போது பிங் எண்ட சொல், ஒரு இடைவெளி, அந்த இலக்கம், இன்னொரு இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதோடு ஒட்டி ஆங்கில எழுத்து ரீ. என்ரரைத் தட்டினால் லப்டொப் விடாமல் ரவுட்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இன்னொரு கறுப்பு யன்னலைத் திறந்து இதையே 8.8.8.8 எண்ட இலக்கத்துக்குச் செய்யுங்கோ. அது கூகுளின் சேவர், வீட்டுக்கு வெளியே, நாட்டுக்கும் வெளியே போகிற பாதையைச் சோதிக்க உதவும். இரண்டு யன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கட வேலையைப் பாருங்கோ.

நெட் போகிற அந்த நிமிசத்தில் இரண்டையும் பார்க்கவேண்டும். இரண்டு யன்னலும் ஒன்றாக நின்றால் லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் கோளாறு. வீட்டுக்குள்ளே. கொம்பனியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டரில் அல்லது அதற்கு வெளியே. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க வெப்தளம் மட்டும் திறக்காவிட்டால் பெயரை இலக்கமாக மாற்றித் தருகிற டீ.என்.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம், அதை வேறொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு பதில் தவறினால் பதறத் தேவையில்லை, அது எல்லா லைனிலும் நடக்கும். வரிசையாகப் பத்து, இருபது தவறினால் மணியைப் பார்த்து எழுதுங்கோ.

இவ்வளவுதான். ஆனால் இவ்வளவையும் எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. ஐ.சி.ரி. பாடத்தில் சி.பி.யு. படம் கீறி நிறம் தீட்டினது ஞாபகம் இருக்கு.

இனி நியாயமாகக் கதைப்போம். கோளாறு எங்கட பக்கம் இருக்கிற வீடுகளும் ஏராளம். முதலாவது, லப்டொப்பே வைஃபையை அணைத்துவிடுகிறது. பற்றரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் தானாகச் செய்கிற வேலை அது. டிவைஸ் மனேஜரில் வைஃபை அடப்டரைத் திறந்து, பவர் மனேஜ்மென்ட் எண்ட பக்கத்தில் இருக்கிற முதல் சரியை எடுத்துவிட்டால் பல லப்டொப்களுக்கு அத்தோடு முடிந்தது. (சில புது லப்டொப்களில் அந்தப் பக்கமே இருக்காது.) இரண்டாவது, ரவுட்டர் வைத்திருக்கிற இடம். எங்கட வீடுகளில் அதற்கென்று ஒரு சாபம் இருக்கிறது: டி.வி.க்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில். "வெளியில வயர் தெரிஞ்சா வடிவில்லை" எண்டு அம்மாமார் சொல்லுவார்கள். வடிவுதான், ஆனால் இரும்பும் கல்லுச் சுவரும் வைஃபையைத் தின்னும். மூன்றாவது, 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்கொன்று இடிபடாத சனல் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. கொழும்பில் ஒரு தொடர்மாடியில் இருபது வீட்டு ரவுட்டரும் இந்த மூன்றுக்குள்ளே அடிபடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் சுவரைத் தாண்டுகிற தூரமும் குறையும்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு இருக்க முதல் ஒரு லான் கேபிளை எடுத்து லப்டொப்பை ரவுட்டருடன் நேரே கொழுவிப் பாருங்கோ. கேபிளில் கட்டாகாமல் வைஃபையில் மட்டும் கட்டாகுது எண்டால் வீட்டுக்கு வெளியே ஒரு அடி கூடத் தேடத் தேவையில்லை. ஃபோனில் நெட் ஓடிக்கொண்டிருக்க லப்டொப்பில் மட்டும் போகுது எண்டால் லப்டொப். விண்டோஸ் இதைத் தானே எழுதியும் வைத்திருக்கிறது: அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கறுப்பு யன்னலில் நெட்எஸ்எச், வ்லான், ஷோ, வ்லான்ரிப்போர்ட் எண்ட நாலு சொல்லையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு அடித்தால் கடைசி மூன்று நாளில் வைஃபை எப்போது விடுபட்டது, என்ன காரணம் எண்டு ஒரு அறிக்கை தரும். இந்த அறிக்கையைப் பார்க்காமலே "விண்டோஸ் அடிக்கவேணும்" எண்டு சொல்லி லப்டொப்பை வாங்கி, படம், பாட்டு, அசைன்மென்ட் எல்லாம் அழித்துக் குடுக்கிற கடைகள் இருக்கின்றன. கோளாறு எங்கே எண்டு கேட்டால் "வைரஸ்" எண்டு வரும். வைரஸ் எண்டது கடைக்காரரின் ரீஸ்டார்ட்.

கரண்டையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வீடுகளுக்குள் வந்த சின்ன யு.பி.எஸ். பெட்டிகளில் சில இன்னும் ரவுட்டரோடு கொழுவினபடி இருக்கின்றன, பற்றரி செத்து. பழசான 12 வோல்ட் அடப்டரும் அப்படித்தான். வெளியில் பார்க்க நல்லாயிருக்கும், பாரம் கூடினதும் வோல்ட் இறங்கும், ரவுட்டர் தானாக விழுந்து எழும்பும். இதைப் பிடிக்க ஒரு அழகான வழி இருக்கு. ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால் அப்டைம் எண்டு ஒரு நேரம் காட்டும், எத்தனை மணித்தியாலமாக நிற்காமல் ஓடுகிறது எண்டு. பலதில் லைனுக்கும் தனியாக ஒரு நேரம் இருக்கும். நீங்கள் கை வைக்காமலே ரவுட்டரின் நேரம் பத்து நிமிசம் எண்டு காட்டினால் ரவுட்டர்தான் விழுந்திருக்கிறது, அடப்டரை மாற்றிப் பாருங்கோ. ரவுட்டர் ஆறு நாளாக நிற்காமல் ஓட, லைனின் நேரம் மட்டும் பத்து நிமிசம் எண்டால் வெளியில் கம்பியில்தான் விசயம். பெட்டியே வாயைத் திறந்து சொல்லுகிற சாட்சி இது. ரீஸ்டார்ட் பண்ணினால் இரண்டும் பூச்சியம்.

இப்படி வீட்டுப் பக்கத்தைக் கழித்துக் கழித்து வந்த பிறகுதான் கொம்பனியோடு சண்டை. அதற்கு முன் சண்டை பிடித்தால் அவர்கள் வெல்லுவார்கள், ஏன் எண்டால் "உங்கட வீட்டுக்குள்ள பிரச்சினை" எண்ட ஒரு வசனம் அவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கு. அந்த வசனத்தை முதலில் நாங்கள் பறிக்கவேண்டும்.

எங்கட வீட்டு லைன் செப்பு. வீட்டு ஃபோனும் நெட்டும் ஒரே சோடிக் கம்பியில் வருகின்றன. குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே, நெட் அதற்கு மிக மேலே. இரண்டையும் பிரிக்கச் சுவரில் ஒரு சின்ன பில்ட்டர். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் நெட் கட்டாகத் தொடங்கும், வெயில் எறித்தால் சரியாகும். மற்றது, வீட்டு ஃபோன் அடித்தால் போகும். மாமி அவுஸ்திரேலியாவிலிருந்து கோல் எடுத்தால் எனக்கு வகுப்பு இல்லை. நான் ஒன்பது நாள் கொப்பியில் எழுதினேன்: திகதி, மணி, மழையா வெயிலா, ஃபோன் அடித்ததா, எந்த லைட் அணைந்தது. ஒவ்வொரு முறையும் டீ.எஸ்.எல். லைட்தான் முதலில் சிமிட்டத் தொடங்கியது. அது சிமிட்டினால் ரவுட்டருக்கும் எக்சேஞ்சுக்கும் இடையிலேயே பேச்சு முறிந்துவிட்டது எண்டு அர்த்தம். அது அசையாமல் நிற்க இன்டர்நெட் லைட் மட்டும் போனால் கம்பி பரவாயில்லை, கொம்பனியின் உள்பக்கம் கோளாறு. பில்ட்டரை மாற்றினோம், மாறவில்லை. எல்லா ஃபோனையும் கழற்றி, கம்பி வீட்டுக்குள் நுழைகிற முதல் சொக்கட்டில் ரவுட்டரை நேரே கொழுவினோம், மழைக்கு அப்படியே போனது. ரவுட்டரின் பக்கத்தில் இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் இடைப்பட்ட அளவு ஒன்று டெசிபலில் காட்டும். 6க்குக் கீழே இறங்கினால் லைன் தள்ளாடத் தொடங்கிவிட்டது எண்டு எடுத்துக்கொள்ளலாம். மழை நாளில் எங்கட லைன் 3க்கு வந்தது. ஃபோனைக் காதில் வைத்தால் கரகர எண்டு ஒரு சத்தம்.

கோல் சென்டருக்கு எடுத்தோம். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்து ஒரு குரல், "மிஸ், இங்லிஷ் ஓகேயா?" தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றாக அரசியலமைப்பில் ஏறினது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தோடு. கொம்பனியின் பாட்டில் இன்னும் ஏறவில்லை. எனக்கு இங்லிஷ் ஓகே. என்ர அம்மாவுக்கு ஓகே இல்லை. பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்குச் சுத்தமாக ஓகே இல்லை, மாசம் தவறாமல் பில் கட்டுகிறவ அவதான். பிறகு வழமையான கேள்வி. ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா? "பண்ணவில்லை, பண்ணப் போறதும் இல்லை, டீ.எஸ்.எல். லைட் சிமிட்டுது, அளவு 3, மழைக்கும் ரிங்குக்கும் கட்டாகுது, வீட்டுக்கு வெளியே ஒரு ஜொயின்ட்டைப் பாருங்கோ" எண்டு சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது எண்டு தெரியாது. அவவின் திரையில் இருக்கிற படிவத்தில் முதல் கட்டம் ரீஸ்டார்ட். அதைச் சரி போடாமல் அடுத்த கட்டம் திறக்காது போலிருக்கு. அவவில் பிழை இல்லை. எங்கட முறைப்பாடு நாலு முறை "தீர்க்கப்பட்டது" எண்டு எஸ்.எம்.எஸ். வந்தது. வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. மழை நின்றால் லைன் தானாக வந்துவிடும், வந்ததும் முறைப்பாடு மூடப்படும். வானம்தான் அவர்களுடைய டெக்னீசியன்.

ஐந்தாவது முறை ஒரு அண்ணா ஏணியோடு வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "வீட்டில ஆம்பிளை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ தங்கச்சி?" எண்டார். நான் கொப்பியை நீட்டினேன். வாசித்தார். ஒன்றும் கதைக்காமல் நேரே தெருப் போஸ்டுக்குப் போனார். கையால் முறுக்கி ரேப் சுற்றின ஒரு ஜொயின்ட், ரேப்பை உரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வெட்டி, ஜெல் அடைத்த புது ஜொயின்டர் போட்டு அமத்தினார். ஐந்து நிமிச வேலை. ஈரம் புகுந்த களிம்புக்கு ரீஸ்டார்ட் என்ன செய்யும்? இறங்கி வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார், தான் மேன்பவர் ஊடாக வந்தவர், நிரந்தரம் இல்லை, ஒரு நாளைக்கு இத்தனை முறைப்பாடு முடிக்கவேணும் எண்டு கணக்கு இருக்கு எண்டு. எந்த வீட்டிலும் கோளாறு என்ன எண்டு எழுதித் தருவதில்லையாம், "நெட் இல்லை" எண்டு மட்டும்தான் அவருக்கு வருகிறதாம். அப்ப நான் நாலு முறை சொன்ன மழையும் ரிங்கும் டெசிபலும் எங்கே போச்சு? கோல் சென்டருக்கும் ஏணிக்கும் இடையிலும் ஒரு கனெக்‌ஷன் கட்டாகித்தான் இருக்கு.

பைபர் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் எண்டு சிலர் சொல்லுகிறார்கள். களிம்பு தீரும், அது உண்மைதான். கண்ணாடிக்குக் களிம்பு பிடிக்காது. ஆனால் பைபரைக் கதவு இடுக்கில் மடித்து விட்டால் ஒளி வெளியே சிந்தும், அணில் கடிக்கும், தென்னோலை விழுந்தால் அறும். பெட்டியில் லொஸ் எண்ட சிவப்பு லைட் எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை எண்டு அர்த்தம், நூறு முறை ரீஸ்டார்ட் பண்ணினாலும் வராது. 4ஜி பெட்டி வைத்திருக்கிற ஆக்களுக்கு வேறு கதை: ஒரு கோபுரத்தின் கொள்ளளவை ஊர் முழுக்கப் பங்குபோடுகிறது, இரவு ஏழு மணிக்கு மேல் எல்லாரும் ஒன்றாக ஏறினால் ஊரும். பெட்டியைக் கோபுரம் இருக்கிற பக்க யன்னலுக்கு மாற்றிப் பார்க்கலாம், அதற்கு மேல் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. எத்தனை பேருக்கு விற்றார்கள் எண்டதுதான் அங்கே கேள்வி. லைன் மாறினாலும் கேட்கவேண்டிய கேள்வி மாறுவதில்லை, எங்கே அறுந்தது?

இப்போது எங்கட ஆக்களோடு ஒரு சண்டை. நண்பர்கள் சிலருக்கு இது சின்ன விசயம். "உது ரெக்னிக்கல் விசயம், ஆர்ட்ஸ்காரர் நாங்கள் கட்டமைப்பைப் பற்றிக் கதைக்கவேணும்." டிஜிட்டல் சமத்துவமின்மை எண்டு முப்பது பக்கம் எழுதுவார்கள், அந்த முப்பது பக்கத்தை அப்லோட் பண்ண நெட் இல்லாமல் அக்காவின் ஃபோனில் ஹொட்ஸ்பொட் போடுவார்கள். கட்டமைப்பு எண்டது எங்கே இருக்கிறது எண்டு நினைக்கிறீர்கள்? தெருப் போஸ்டில் ரேப் சுற்றின ஜொயின்ட்டில் இருக்கிறது. மூடப்பட்ட நாலு முறைப்பாட்டில் இருக்கிறது. மேன்பவர் அண்ணாவின் நாள் கணக்கில் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிற கட்டமைப்பு வெறும் சொல்.

இன்னொரு சாரார், "காசு கட்டுறம், அது அவையின்ர வேலை, நாங்கள் ஏன் பிங் அடிக்கவேணும்?" எண்டு கேட்கிறார்கள். சரியான கேள்வி. அவர்களுடைய வேலைதான். ஆனால் தங்கட வேலையைச் செய்யாத தரப்பைச் செய்யவைக்க, செய்யவில்லை எண்டு காட்டவேண்டும். "எப்பவும் கட்டாகுது" எண்டது முறைப்பாடு இல்லை, புலம்பல். "கார்த்திகை 3ஆம் திகதி 6.40 தொடக்கம் 6.52 வரை, ரவுட்டர் பதில் தந்தது, டீ.எஸ்.எல். லைட் அணைந்தது, ரவுட்டரின் அப்டைம் ஆறு நாள்" எண்டது முறைப்பாடு. இரண்டாவதை மூடுவது கஷ்டம்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சண்டை இருக்கு. ரவுட்டர் பாஸ்வேர்ட் அண்ணாவிடம், லப்டொப் கோளாறு தம்பியிடம், ஏணி அண்ணா தேடுவது ஆம்பிளையை. வீட்டில் இருந்து வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளைக்கு நெட் கட்டானால் "அண்ணா வரட்டும்." அண்ணா வருகிறது இரவு எட்டுக்கு. 2020 மார்ச்சில் கம்பஸ் மூடின பிறகு லேர்ன் வலையமைப்பு ஊடாக சூம் வகுப்புகளுக்கு டேட்டா வெட்டாமல் விட்டார்கள், நல்ல விசயம், ஆனால் இலவச டேட்டா விடுபடுகிற லைனுக்கு மருந்து இல்லை. 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மலைப் பாறை ஏறின படம் உலகம் முழுக்க வந்தது. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்த இல்லாமை. வீட்டுக்குள் நடுவகுப்பில் விடுபட்டு, "பிள்ளை பாதியில போயிட்டா" எண்டு வரவில் குறிக்கப்பட்டவர்களை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.

அதனால் நான் கேட்பது இரண்டு விசயம். முதலாவது, ஒரு ஒழுங்கையில் இருக்கிற ஐந்தாறு வீடு, அல்லது ஒரு போர்டிங்கில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே கொப்பி. ஒரு வீட்டின் கொப்பியைப் பார்த்து "உங்கட ரவுட்டர்" எண்டு சொல்லலாம். ஆறு வீட்டிலும் 6.40க்கு லைட் அணைந்த கொப்பியைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது, கபினெட்டைத் திறந்துதான் ஆகவேண்டும். நெட் போனதும் ரவுட்டரில் கை வைக்க முதல் லைட்டுகளை ஃபோனில் ஒரு படம் எடுங்கோ, அப்டைம் பக்கத்தை இன்னொரு படம். அதற்குப் பிறகு வேண்டுமெண்டால் ஓஃப் பண்ணுங்கோ, அவசரம் எண்டால் நானும் பண்ணுவேன்.

இரண்டாவது, கொம்பனிக்கு மேலே போகிறது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எண்டு ஒன்று 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தோடு வந்தது. பாவனையாளரின் நலனைக் கட்டணத்தில் மட்டுமில்லை, சேவையின் தரத்திலும் பாதுகாக்க வேண்டிய கடமை அதற்குச் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டணம் கூடினால் கத்துகிறோம், தரம் விழுந்தால் ரீஸ்டார்ட் பண்ணுகிறோம். கொம்பனி முறைப்பாட்டைத் திரும்பத் திரும்ப மூடினால் அந்த இலக்கங்களையும் கொப்பியின் பிரதியையும் வைத்து ஆணைக்குழுவுக்குத் தமிழில் எழுதுங்கோ. அது பொது அதிகாரசபை, ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கீழே கேள்வியும் கேட்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா எண்டு முடிவு சொல்லவேண்டும். நான் தயாரித்து வைத்திருக்கிற விண்ணப்பத்தில் நாலு கேள்வி இருக்கு. வீட்டு இணைய இணைப்பு விடுபடுவது பற்றி மாவட்ட வாரியாக எத்தனை முறைப்பாடுகள் வந்தன? அவற்றில் எத்தனை தமிழில் வந்தன, எத்தனைக்குத் தமிழில் பதில் போனது? ஒரே இணைப்பு பற்றித் திரும்பத் திரும்ப வருகிற முறைப்பாட்டைத் தனியாகக் கணக்கெடுக்கிறீர்களா? ஒரு இணைப்பு மாதத்தில் எத்தனை முறை விடுபட்டால் அது சேவைக் குறைபாடு எண்டு எங்கேயாவது வரையறுத்து இருக்கிறீர்களா? ஐந்தாவது கேள்வி உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கோ, இந்தக் கிழமைக் கடைசியில் தபாலில் போடுகிறேன். பதிவுத் தபால்தான். ஒன்லைனில் அனுப்பலாம், ஆனால் இண்டைக்கும் மழை.